பிரேஸைக் கழற்றி கராஜில் வைத்தவர் குற்றவாளியா?

கேள்வி கேட்டவர் டல்லாஸ் பக்கம் வசிக்கும் கிரீன் கார்டுக்காரர். 2020-ல் பிரேஸ் (துப்பாக்கியின் பின்னால் மாட்டி முன்கையில் கட்டிக்கொள்ளும் துணைப்பொருள்) மாட்டிய ஏஆர் பிஸ்டல் (ஏஆர் ரைஃபிளின் குட்டைக் குழல் கைத்துப்பாக்கி வடிவம்) ஒன்றைக் கடையில் படிவம் எழுதி முறைப்படி வாங்கியிருக்கிறார். 2023-ல் அது பதிவு செய்ய வேண்டிய ஆயுதம் என்று, துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப் அறிவித்தது. பயந்துபோய் பிரேஸைக் கழற்றி கராஜ் அலமாரியில் போட்டுவிட்டார். 2024-ல் அந்த விதியே செல்லாது என்றது நீதிமன்றம். வருகிற வருடம் வேலை நிமித்தம் நியூ ஜெர்சிக்குப் போகிறார், குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கப் போகிறார். "காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டத்தில் ஒரு வரிகூட மாற்றாமல் நான் குற்றவாளி ஆனதும், பிறகு இல்லை என்று ஆனதும் எப்படி? என் உரிமை எங்கே போனது?" என்று கேட்கிறார். இதை உரிமை பற்றிய தத்துவக் கேள்வியாக நான் படிக்கவில்லை. அந்த இடைப்பட்ட மாதங்களைச் சொல்லி நாளைக்கு யாராவது கதவைத் தட்டுவார்களா என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

நான் வழக்கறிஞர் இல்லை. டெக்சஸில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் பதினோரு வருடம் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன். வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், கடையின் வரவு செலவுப் பேரேடு, ஏடிஎஃப் ஆய்வாளர் வந்தால் எடுத்துக்காட்ட வேண்டிய கோப்புகள், இவைதான் என் பிழைப்பு. விதி மாறினால் முதலில் விழிப்பவன் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவன்தான், அதனால் இவற்றை வரிவரியாகப் படித்தே ஆகவேண்டியிருந்தது. இனி சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மனத்தடையைத் தாண்ட வேண்டும். நம் ஊரில் துப்பாக்கி என்றால் உரிமம். கலெக்டர் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவோம். அமெரிக்காவில் அது உரிமை. 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் அரசியலமைப்பு உரிமை என்றது. அதனால்தான் இங்கே குடியேறிய நம்மவர்கள் பலர், அரசாங்கம் விதியை மாற்றினால் அந்த உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் வந்து காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். உங்கள் கதையில் அது கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. உங்களை விடுவித்தது விதி போட்ட முறையில் இருந்த கோளாறு. சிக்க வைத்தது இரண்டு சொற்களின் அர்த்தம்: "தோள்", "ரைஃபிள்".

1934-ன் தேசிய துப்பாக்கிச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினைக்கு வயது தொண்ணூற்றுச் சொச்சம். மதுவிலக்குக் காலக் கும்பல்களின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிராக வந்த சட்டம் அது. நேரடியாகத் தடை செய்யாமல் 200 டாலர் வரி போட்டு, பதிவு செய்யச் சொன்னது. அன்றைக்கு 200 டாலர் என்பது ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலை. முதல் மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் பட்டியலில் இருந்தன. அப்படியிருந்தால் ரைஃபிளின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஆக்கித் தப்பிப்பார்களே என்று, குட்டைக் குழலுள்ள ரைஃபிளையும் (இன்றைய அளவில் 16 அங்குலத்துக்குக் குறைந்தது) சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். குட்டை ரைஃபிளை எடுக்க மறந்தார்களோ, எடுக்க மனமில்லையோ, அது அங்கேயே நின்றுவிட்டது. விளைவு என்ன தெரியுமா? பத்து அங்குலக் குழல் உள்ள பிஸ்டலை யாரும் சாதாரணமாக வாங்கலாம். அதே துப்பாக்கியின் பின்னால் தோளில் அண்டக் கொடுக்கும் கட்டையை மாட்டினால், பதிவு இல்லாமல் வைத்திருந்தவருக்குப் பத்து வருடம் வரை சிறை.

இந்தக் கோட்டின் மேல்தான் பிரேஸ் வந்து உட்கார்ந்தது. 2012-ல், கனமான ஏஆர் பிஸ்டலை ஒரு கையால் பிடிக்கச் சிரமப்பட்ட மாற்றுத்திறனாளியான முன்னாள் படைவீரருக்காக, முன்கையில் கட்டிக்கொள்ளும்படி ஒரு துணைப்பொருளைச் செய்தார்கள். அதை மாட்டினாலும் பிஸ்டல் பிஸ்டல்தான் என்று ஏடிஎஃப் கடிதம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் நின்ற எனக்குத் தெரியும், வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கையில் கட்டவில்லை, தோளில் வைத்தார்கள். 2015-ல் ஏடிஎஃப் ஒரு திறந்த கடிதத்தில், தோளில் வைத்துச் சுட்டால் அது துப்பாக்கியை மறுவடிவமைப்பதற்குச் சமம் என்றது. 2017-ல் இன்னொரு கடிதத்தில், எப்போதாவது தோளில் பட்டால் பரவாயில்லை என்கிற மாதிரி பின்வாங்கியது. ஒரே பொருள், ஒரே சட்ட வாசகம், ஐந்து வருடத்தில் மூன்று பதில்.

2023 ஜனவரி 31-ல் நான்காவது பதில் வந்தது, இந்த முறை முறையான விதியாகவே. பிரேஸ் மாட்டிய பெரும்பாலான பிஸ்டல்கள் குட்டை ரைஃபிள்கள் என்றது. மே 31 வரை 120 நாள் அவகாசம். அதற்குள் வரி இல்லாமல் பதிவு செய்யலாம், நீளக் குழல் மாட்டலாம், ஒப்படைக்கலாம், உடைக்கலாம், அல்லது பிரேஸைக் கழற்றித் திரும்ப மாட்ட முடியாதபடி செய்யலாம். புழக்கத்தில் 30 லட்சம் பிரேஸ்கள் இருக்கும் என்பது ஏடிஎஃப் கணக்கு. காங்கிரஸின் ஆராய்ச்சிப் பிரிவோ 1 கோடி முதல் 4 கோடி வரை என்றது. பதிவுக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் இரண்டரை லட்சம். எந்தக் கணக்கை எடுத்தாலும் மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். பலர் உங்களைப் போல அலமாரியில் போட்டார்கள், அதைவிடப் பலர் ஒன்றுமே செய்யவில்லை.

அந்த மே மாதக் கடைசி வாரத்தை நான் மறக்க மாட்டேன். வழக்குப் போட்ட சில சங்கங்களின் உறுப்பினர்களுக்கு மட்டும் விதி பொருந்தாது என்று டெக்சஸ் நீதிமன்றங்களும் அவற்றுக்கு மேலே உள்ள ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் இடைக்காலத் தடை கொடுத்தன. வாடிக்கையாளர்கள் எங்கள் கவுன்டரில் நின்றபடியே போனில் சந்தா கட்டி உறுப்பினர் ஆனார்கள். சந்தா கட்டியவருக்கு ஒரு சட்டம், கட்டாதவருக்கு இன்னொரு சட்டம். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, இந்த ரசீதைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டி வைக்கணுமா?" என்று கேட்டார். சிரித்தேன், ஆனால் பதில் தெரியவில்லை. 2023 நவம்பர் 8-ல் டெக்சஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி நாடு முழுவதற்கும் விதியை நிறுத்தி வைத்தார். 2024 ஜூன் 13-ல் மாக் வழக்கில் நீதிபதி ரீட் ஓகானர் விதியை முழுவதுமாக ரத்து செய்தார்.

ரத்துக்குக் காரணம்தான் முக்கியம். உங்கள் இரண்டாவது திருத்த உரிமை மீறப்பட்டது என்பதற்காக அவர் ரத்து செய்யவில்லை. முதலில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்ட வரைவில் மதிப்பெண் போட்டுத் தீர்மானிக்கும் ஒரு அட்டவணை இருந்தது. இறுதி விதியில் அது மாயமாகி, வேறொரு மங்கலான அளவுகோல் வந்தது. வரைவிலிருந்து இயல்பாக முளைக்காத இறுதி விதி, காரணம் சரியாகச் சொல்லாத தன்னிச்சையான முடிவு, இவையே அங்கே குற்றச்சாட்டு. அதாவது, அரசுத் துறைகள் எப்படி விதி போட வேண்டும் என்று சொல்லும் நிர்வாக நடைமுறைச் சட்டம். கேட்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் கடந்த சில வருடங்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஃபெடரல் விதிகளுக்கு எதிராகப் பெற்ற பெரிய வெற்றிகள் பெரும்பாலும் இந்தச் சப்பென்ற வழியில் கிடைத்தவையே.

பம்ப் ஸ்டாக் வழக்கைப் பாருங்கள். 2017 அக்டோபர் 1-ல் லாஸ் வேகஸ் இசைவிழாவில் ஒருவன் ஓட்டல் ஜன்னலிலிருந்து சுட்டு 60 பேர் இறந்தார்கள். அவன் பயன்படுத்தியவற்றில் பம்ப் ஸ்டாக் மாட்டிய துப்பாக்கிகள் இருந்தன. பின்னுதைப்பைப் பயன்படுத்தித் துப்பாக்கியையே முன்னும் பின்னும் ஆட்டி, அசையாத விரலில் விசையை மோத வைக்கும் கட்டை அது. அதற்கு முன் பத்து வருடம், இவற்றில் பல இயந்திரத் துப்பாக்கி இல்லை என்று ஏடிஎஃப் எழுதிக் கொடுத்து வந்தது. 2018 டிசம்பரில் டிரம்ப் நிர்வாகம் தலைகீழாக மாற்றியது. 90 நாளில் அழி அல்லது ஒப்படை, நஷ்ட ஈடு கிடையாது. ஆஸ்டினில் கடை வைத்திருந்த மைக்கேல் கார்கில் இரண்டை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. "விசையின் ஒரே இயக்கத்தில்" ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா தானாகப் பாய்ந்தால்தான் இயந்திரத் துப்பாக்கி என்கிறது 1934 சட்டம். பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை தனியாக இயங்குகிறது என்று நீதிபதி தாமஸ் படம் போட்டே விளக்கினார். வாத்து போல நடந்து வாத்து போலக் கத்தினால் அதை வாத்து என்றுதான் சொல்வேன் என்ற பொருளில் நீதிபதி சோட்டோமயோர் மாறுபட்டு எழுதினார். நீதிபதி அலிட்டோ தனியாக இரண்டு பக்கம் எழுதி, காங்கிரஸ் நினைத்தால் சட்டத்தைத் திருத்தலாமே என்றார். கவனியுங்கள், காங்கிரஸ் பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்யக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஏடிஎஃப் செய்யக் கூடாது என்றார்கள்.

இதை வைத்து ஏடிஎஃப்புக்கு இனி பல்லே இல்லை என்று யூடியூபில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். ஒன்பது மாதம் கழித்து, 2025 மார்ச் 26-ல், வான்டர்ஸ்டாக் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏடிஎஃப் பக்கம் நின்றது. தொடர் எண் இல்லாத, வீட்டில் கோத்துக்கொள்ளும் துப்பாக்கிப் பொதிகளைப் பற்றிய 2022 விதி அது. 2017-ல் தடம் காணச் சொல்லிப் போலீஸ் அனுப்பிய இத்தகைய துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-ல் அது 19,000-ஐத் தாண்டியது. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் ஒரு பொதியை 21 நிமிடத்தில் சுடும் துப்பாக்கியாக்கினார் என்று நீதிபதி கோர்சச் தீர்ப்பில் எழுதினார். பிரித்துப் பெட்டியில் வரும் மேசையையும் நாம் மேசை என்றுதானே சொல்கிறோம் என்பது அவர் வாதம். இந்த வழக்கும் சொல்லுக்குப் பொருள் தேடும் வழக்குதான், இம்முறை பொருள் மறுபக்கம் சாய்ந்தது. கார்கிலில் ஏடிஎஃப்புக்கு எதிராக இருந்த ஆறு பேரில் நான்கு பேர் இதில் ஏடிஎஃப்போடு. இதைக் கட்சிக் கணக்காக மட்டும் பார்த்தால் புரியாது.

இதே காலத்தில் இரண்டாவது திருத்தமும் சும்மா இருக்கவில்லை. 2022-ன் புரூன் தீர்ப்பு, எந்தக் கட்டுப்பாடும் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. 2024-ன் ரஹிமி தீர்ப்பு 8-1 என்று, குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்றது. குட்டை ரைஃபிள் பதிவு முறையே செல்லுமா என்று சிலர் வழக்காடுகிறார்கள், உச்ச நீதிமன்றம் அதைத் தொட்டுத் தீர்ப்புச் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில் யாரும் பிரேஸை எடுத்து மாட்ட வேண்டாம்.

விதி போய்விட்டது, 1934 சட்டம் போகவில்லை. இது உறுதி. பிரேஸ் என்று பெயர் ஒட்டியிருந்தாலும் தோளில் வைத்துச் சுடவே வடிவமைத்த ஒன்று, குட்டைக் குழலோடு சேர்ந்தால் குட்டை ரைஃபிள்தான் என்று நாளைக்கு ஒரு அரசு வழக்கறிஞர் சட்டத்தை நேரடியாகப் பிடித்து வாதாடலாம். ஜெயிப்பாரா என்பது சந்தேகம், ஏடிஎஃப்பின் பழைய கடிதங்களே அவருக்கு எதிராக நிற்கும். ஆனால் வாதாட முடியாது என்று எவராவது சொன்னால் அது தவறு. விதி நடப்பில் இருந்த ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களைப் பொறுத்தவரை, பிரேஸை நீங்கள் கழற்றிவிட்டீர்கள். கழற்றிய பிரேஸை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இடறல். பாகங்களைத் தனித்தனியாக வைத்திருப்பது எப்போது குட்டை ரைஃபிள் ஆகும் என்பதில் 1992-ன் தாம்சன் சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் துப்பாக்கிக்காரருக்குச் சாதகமாகவே சொன்னது: அந்தப் பாகங்களுக்குச் சட்டப்படியான வேறு பயன்பாடு இருந்தால், சட்ட வாசகம் தெளிவற்றதாக இருக்கையில் சந்தேகத்தின் பலன் குடிமகனுக்கு. அது உங்களுக்கு அப்படியே பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரத்தான ஒரு விதியை வைத்து, கழற்றி அலமாரியில் போட்ட ஒருவர் மேல் வழக்குத் தொடர்வதை நான் கண்டதில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

2026 ஜனவரி 1 முதல் இன்னொரு மாற்றம். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தின்படி, குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன், சைலன்சர் ஆகியவற்றுக்கு அந்த 200 டாலர் வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகைக்கும் மட்டும் 200 அப்படியே. பட்டியலிலிருந்தே இவற்றை எடுத்துவிட முயன்றார்கள், அது வரவுசெலவு மசோதாவுக்குள் வராது என்று செனட்டின் நடைமுறை அதிகாரி சொல்லிவிட்டார். ஆகவே படிவம், கைரேகை, புகைப்படம், முன் அனுமதி எல்லாம் தொடர்கின்றன. "வரி இல்லை, அதனால் பதிவும் இல்லை" என்று நினைத்துக் குழலை வெட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டெக்சஸிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், வரியில்லாமல் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் போவது நியூ ஜெர்சி. உங்கள் கவலை முழுக்க வாஷிங்டன் மேல் இருக்கிறது. எனக்கு உங்களை நினைத்துக் கவலை நியூ ஜெர்சிக்குள் நுழையும் டெலவேர் ஆற்றுப் பாலத்தில். ஃபெடரல் விதி ரத்தானது மாநிலச் சட்டத்தைத் தொடாது. நியூ ஜெர்சியில் ஏஆர் வகை ஆயுதங்கள் மேல் கடுமையான தடைச்சட்டம் இருக்கிறது, அது நீதிமன்றத்தில் இழுபடுகிறது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் 2018 டிசம்பர் முதல் அங்கே குற்றம். துப்பாக்கியைப் பூட்டி வண்டியில் எடுத்துச் செல்ல 1986-ன் ஃபெடரல் சட்டம் பாதுகாப்புத் தருகிறதே என்பார்கள். அது புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க உரிமை இருந்தால்தான். கடந்து போகிறவருக்குத்தான் குடை, குடியேறுகிறவருக்கு இல்லை.

கிரீன் கார்டு விஷயம் கடைசியாகச் சொல்கிறேன், உங்களுக்கு எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது. நிரந்தரவாசியாக நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லை. (இதைப் படிக்கும் எச்1பி, எஃப்1 விசாக்காரர்களுக்கு: உங்களுக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பனோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.) ஆனால் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு தண்டனை, சின்னதாக இருந்தாலும், நிரந்தரவாசியை நாடு கடத்தக் காரணமாகும். அமெரிக்கக் குடிமகனுக்கு அபராதத்தோடு முடிவது உங்களுக்கு விமான டிக்கெட்டில் முடியலாம். மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைத்தாலும் ஃபெடரல் சட்டப்படி அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அந்தத் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்தது. 4473 படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

குடியுரிமை விண்ணப்பத்தில், கைது செய்யப்படாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 2023-ன் அந்த ஐந்து மாதத்தை நினைத்து உங்கள் பேனா தயங்கும். அந்த ஒரு கேள்விக்கு என்ன எழுத வேண்டும் என்பதை என்னிடமோ, துப்பாக்கிக் கடையிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ கேட்காதீர்கள். குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், 2020-ன் ரசீதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பிஸ்டலை டெக்சஸில் உள்ள ஒரு கடைக்கு விற்றுவிட்டு வண்டியேறுவது என் யோசனை. விற்ற தேதியும் தொடர் எண்ணும் உள்ள தாளை மட்டும் நியூ ஜெர்சிக்கு எடுத்துச் செல்லுங்கள். பிரேஸையும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், கடைக்காரர் அதற்குத் தனியாக விலை போட மாட்டார்.